காகிதம் கிழியாத தைலப் போத்தல்

நோர்வூட்டுக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில் வீரம்மாவைவிட வேகமாகக் கொழுந்து எடுத்தவள் இல்லை. ஐம்பத்தேழாம் வருஷத்து ஆடி மழையில் அந்தக் கையே அவளுக்கு எதிரியானது. வலது மணிக்கட்டு பணியாரம் போல வீங்கி, விரல் மடங்கவில்லை. ஒரு மாதம் பிள்ளைக்காம்பராவில் குழந்தை பார்க்கப் போனால் கை ஆறிவிடும். அதற்குத் தோட்டத்து ஆஸ்பத்திரி டொக்டரையா எழுதித் தரும் துண்டுச் சீட்டு வேண்டும். துண்டு இல்லாமல் கங்காணி காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டில் வேலையை மாற்றித் தரமாட்டார்.

டொக்டரையா கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒரு போத்தல் தைலத்தை நீட்டி, "மூணு நாள் பூசிட்டு வா. அப்பயும் வீங்கியிருந்தா துண்டு தர்றேன்" என்றார்.

மூன்று நாள் அந்த வலியோடு யார் கிடப்பது? ஜமால்தீன் கடையில் வாங்கிய மரமஞ்சள் கட்டை வீட்டில் இருந்தது. சிங்களவர்கள் வெனிவெல் என்பார்கள். அதை இஞ்சிச் சாற்றில் இழைத்துப் பத்துப் போட்டாள். மிச்சத்தை அவித்துக் கசக்கக் கசக்கக் குடித்தாள். அது எப்படி வேலை செய்கிறது என்று அவளுக்குத் தெரியாது. செய்யும் என்று தெரியும். மூன்றாம் நாள் சூடும் வீக்கமும் வடிந்திருந்தன. வலி மட்டும் உள்ளே குந்தியிருந்தது.

"பாத்தியா என் தைலத்த" என்று டொக்டரையா புத்தகத்தில் எழுதிக்கொண்டார். "சுகமாயிருச்சு. கொழுந்துக்குப் போ."

"தைலம் இல்லீங்கய்யா, மரமஞ்சள். பாருங்க, கையெல்லாம் மஞ்சளா கெடக்கு."

"மஞ்சத் தண்ணி ஊத்துற வீட்டுக்குப் போயிட்டு வந்தியோ?"

வீரம்மா விடுகிற ஆளா? லயத்து வீட்டுக்கு ஓடிப்போய்ப் போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மூடியைச் சுற்றிக் கட்டிய காகிதம்கூடக் கிழியவில்லை.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மருந்து பூசாமலே சுகமாச்சுன்னா, ஒனக்கு நோய் வருத்தமே இருந்ததில்ல. வேலைக்குக் கள்ளம் பண்ணியிருக்க." எழுதியதை அடித்துவிட்டு வேறு எதையோ எழுதினார். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

மறுநாள் பக்கத்துத் தேயிலை நிரையில் நின்ற ராக்காயி சொன்னாள்: "ஒம் மருந்து வேல செஞ்சதுதான் குத்தம் அக்கா. வீக்கத்தோட போயிருக்கணும்."

"மொத தடவ வீக்கத்தோடதான்டி போனேன்."

மத்தியானக் கொழுந்து நிறுவைக்குள் மணிக்கட்டு மறுபடி உப்பியது. கூடையை இறக்கிவைத்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். டொக்டரையா இந்த முறை தொட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு, அதே போத்தலை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"மூணு நாள் பூசிட்டு வா."

வீரம்மா லயத்துக்குத் திரும்பினாள். மரமஞ்சள் கட்டையை ராக்காயி வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"மூணு நாளைக்கு நான் அழுது கேட்டாலும் இதக் குடுத்துராத."