நிறுத்தாமல் சாப்பிட்ட நாத்தனார்

குன்சான் ஊரில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஓக் சொன்ஜு மனையியல் டீச்சர். கணினி சார் மாற்றலாகிப் போனதும் துணைத் தலைமையாசிரியர் அவளைத்தான் பிடித்தார்.

"குழம்பு வைக்கிறத வரிசையா போர்டுல எழுதிப்போடுறீங்கல்ல டீச்சர்? புரோகிராமும் அதேதான்."

குளிர்கால விடுமுறையில் ஒரு பயிற்சிக்குப் போய்வந்தாள். மார்ச் மாதம் கணினி வகுப்பில் நின்றாள்.

பாடப்புத்தகக் கேள்விகள் அவளுக்கே கொட்டாவி வரவழைத்தன. ஒற்றை எண்ணா, இரட்டை எண்ணா என்று கேட்டால் எந்தப் பிள்ளை உட்கார்ந்து எழுதும்? அதனால் தன் வீட்டுக் கதையையே வீட்டுப்பாடமாக்கினாள். மழை பெய்து, குடையையும் மறந்திருந்தால் கணவர் யாருக்குப் போன் போடுவார்? பிள்ளைகள் போட்டி போட்டு எழுதினார்கள்.

சூசொக் என்ற அறுவடைப் பண்டிகை முடிந்த வாரம் கொஞ்சம் வரம்பு மீறிவிட்டாள். 'தட்டு நிறையக் கொழுக்கட்டை. தட்டில் கொழுக்கட்டை இருக்கும்வரை நாத்தனார் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, இனிப்பு பத்தல என்பார். நிரல் எழுதுக.'

அவளுடைய நிஜ நாத்தனார் கும்நானின் மகன் தேயுல் அதே வகுப்பில்தான் இருந்தான். ஆனால் அவன் ஒருநாளும் வீட்டுப்பாடம் செய்ததில்லை. அந்தத் தைரியம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து அவன் செய்தான்.

மதியம் கதவு மணி அடித்தது. வாசலில் கும்நான், பின்னால் மடிக்கணினியைக் கட்டிப்பிடித்தபடி தேயுல். தன் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சொன்ஜுவின் கணவர் பாதிகூட நிறையாத குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

"இது யாரு சொன்ஜு?" கும்நான் மடிக்கணினியை வாங்கித் திறந்துகாட்டினாள். திரை முழுக்க 'இனிப்பு பத்தல, இனிப்பு பத்தல' என்று ஓடிக்கொண்டே இருந்தது.

"அது... சும்மா ஒரு கற்பனை நாத்தனார், அண்ணி."

"கற்பனை நாத்தனாருக்கும் இனிப்பு பத்தலையா? சரி, அவ ஏன் நிறுத்தவே மாட்டேங்கறா? நான் என்ன அப்படியா திங்கறேன்?"

"அம்மா, அவங்க மேல தப்பில்ல," என்றான் தேயுல். "சாப்பிட்டா தட்டுல ஒண்ணு குறையணும்னு அத்தை கேள்வில எழுதவே இல்ல. தட்டு நெறஞ்சே இருக்கு. அவங்க பாவம், என்ன பண்ணுவாங்க?"

சொன்ஜுவுக்குக் காது சிவந்தது. கும்நானுக்கு முகம் மலர்ந்தது.

"பாத்தியா? அவ நல்லவதான். கேள்விதான் கோணல்."

"ஆமா அண்ணி, கேள்விதான் கோணல்," என்று சொன்ஜு அவசரமாக ஒப்புக்கொண்டு, மதியம் வைத்த சூப்பைச் சுடவைத்துக் கொண்டுவந்து வைத்தாள். கும்நான் ஒரு வாய் குடித்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் மகனைப் பார்த்தாள். அப்படியே விழுங்கிவிட்டு இன்னொரு வாய் குடித்தாள்.

கிண்ணம் காலியானதும் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தாள்.

"அடுத்த வாரக் கேள்வி எழுதிட்டியா?"

"இன்னும் இல்ல அண்ணி."

"அப்ப எம் மாமியாரப் போடு. நான் சொல்றேன், நீ எழுது. அதுல எதையும் குறைக்க வேண்டாம்."