கோணல் கோபுரத்தடியில் ஓர் ஊன்றுகோல்

புதிதாக வரப்போகும் தீம் பார்க்கில் ஒரு கோபுரத்தையே பெயர்த்து ஆற்றின் நடுவே வைத்தவள் என் மருமகள். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். கோபுரம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு வாய்க்கால் வந்திருக்கிறது. அதுவும் இப்போதைக்குப் படத்தில்தான்.

மருமகள் சொந்தமாக முடி திருத்தும் கடை வைத்திருக்கிறாள். கடையின் ஈரத் தரையில் ஒருநாள் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அடி. அறுவை சிகிச்சை முடிந்து, இடுப்பில் பெல்ட்டோடு மறுபடி கத்தரியைப் பிடித்துவிட்டாள். ராட்டினம்தான் போயிற்று. எந்தப் பூங்காவுக்குப் போனாலும் 'முதுகுவலி உள்ளவர்கள் ஏறக்கூடாது' என்று ஒரு பலகை. ஒரு காலத்தில் இவள் உச்சியிலிருந்து போடும் கூச்சலில் ராட்டினமே பயந்து நின்றுவிடும். இப்போது பேத்தி மேலே கத்த, இவள் கீழே பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவல்.

"அம்மாதான் நம்ம பை ஸ்டாண்டு" என்று பேத்தி விளையாட்டாகச் சொன்னாள். இவளுக்குச் சுருக்கென்றது.

"புது பார்க்கு வரட்டும்டி. உன் பக்கத்துல உக்காந்து வரேனா இல்லையா பாரு."

அப்போது புதுப் பூங்கா வெறும் பொட்டல்தான். அதைக் கட்டும் நிறுவனம் வெளியிட்ட கற்பனைப் படம் ஒன்று மட்டும் இருந்தது. ஏரி, மலை, மலையைச் சுற்றித் தண்டவாளம், மூலையில் ஒரு கோணல் கோபுரம். மருமகள் சேர்ந்திருக்கும் ராட்டின ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அது போதாதா! போனில் படத்தைப் பெரிதாக்கி, நிழலின் நீளத்தை வைத்தே தண்டவாளத்தின் உயரத்தைக் கணக்குப் போட்டார்கள். மருமகள் தண்டவாளத்தைச் சட்டை செய்யவில்லை. கோபுரத்தடியில் எறும்பு போல நின்ற ஆட்களைப் பார்த்தாள். ஒருவர் கையில் ஊன்றுகோல்!

"ஊன்றுகோலோட வரிசையில நிக்கறார்னா, அது குலுக்காத சவாரிதான்" என்று குழுவில் எழுதினாள்.

குழுவின் பெரிய தலை ஒருவர். அங்கே அவருக்குப் பெயர் 'பல்சக்கரம்'. உடனே பதில் போட்டார்: "அக்கா, ஆளுங்கள எல்லாம் ரெடிமேடா எடுத்து ஒட்டுவாங்க. அதுல போய் அர்த்தம் தேடுறீங்களே!"

"தேடத்தானே தம்பி இந்தக் குழுவே? நேத்து மேகத்துல டிராகன் கண்டுபிடிச்சது யாரு?"

அடுத்து வந்த படம் இன்னும் தெளிவாக இருந்தது. ஊன்றுகோல் துடைப்பமாகிவிட்டது. ஆள் வரிசையில் நிற்கவில்லை, பெருக்கிக்கொண்டிருந்தார். குழு விழுந்து விழுந்து சிரித்தது.

"விட்டுத் தள்ளும்மா" என்றேன்.

"படத்துல இல்லன்னா என்ன அத்தை? போட வெச்சுட்டா போச்சு."

ரசிகர்களைச் சந்திக்க நிறுவனம் ஒரு கூட்டம் வைத்தது. துணைக்கு நானும் போனேன். எல்லோரும் உயரம், வேகம் என்று கேட்டார்கள். இவள் மைக்கைப் பிடுங்கி, "அந்தக் கோபுரத்துக்குள்ள என்ன வரப்போகுது?" என்றாள்.

மேடையிலிருந்த வடிவமைப்பாளர் பெண், "இன்னும் முடிவு பண்ணலைங்க. அழகுக்கு வரைஞ்சதுதான்" என்றாள்.

"அப்ப முடிவு பண்றதுக்குள்ள சொல்லிடறேன். முதுகு போனவங்க, மூட்டு போனவங்க, மாசமா இருக்கறவங்க எல்லாரும்தான் டிக்கெட் வாங்கறோம். பை பிடிக்கவா? ஒண்ணே ஒண்ணு குலுக்காம போகட்டும். இன்னிக்குப் பதில் இல்லன்னா அடுத்த கூட்டத்துக்கும் வருவேன்."

கைத்தட்டலில் கூடம் கிடுகிடுத்தது. பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "எங்கம்மாவுக்கும் சேர்த்து எழுதிக்குங்க!" பல்சக்கரம்தான்.

போன வாரம் மூன்றாவது படம் வந்தது. கோபுரத்தைச் சுற்றி வாய்க்கால், அதில் மெதுவாகப் போகும் படகுகள். கரையில் இடுப்புப் பெல்ட்டோடு ஒரு பெண். என் மருமகளை வரைந்துவிட்டார்கள் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

கடையில் என் பின்னால் நின்று எனக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தவள், நான் போனில் இதை எழுதுவதை எட்டிப் பார்த்தாள்.

"தலைய ஆட்டாதீங்க அத்தை. அது நான் இல்ல, கையில துடைப்பம் இருக்கு பாருங்க. நான் இன்னும் வரிசைக்கே வரல. முதல்ல அவங்க கட்டி முடிக்கட்டும்."