இடது தோளில் வந்த வாசம்

வீட்டில் சாமியறை இருக்கிறது, வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிறேன், ஆனால் பேய் பிசாசு என்று யாராவது கதையைத் தொடங்கினால் தேத்தண்ணி போடுகிற சாட்டில் எழுந்து குசினிக்குள் போய்விடுகிற ஆள் நான். உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்தவள். எதற்கும் ஒரு காரணம் இருக்கும், இப்போது தெரியாவிட்டால் பிறகு தெரியும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே அது ஊறிப்போயிருந்தது. நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள் என்று தெரியும். சிரியுங்கள், ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

படிப்பிப்பதை விட்ட பிறகு வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டிலேயே வாசனை எண்ணெய் கலந்து விற்கத் தொடங்கினேன். விசிறி அடிக்கிற சென்ட் இல்லை, அத்தர் மாதிரி, தோலில் தடவுகிற எண்ணெய். இதில் ஒரு விசயம் இருக்கிறது, அது விளங்காவிட்டால் நான் சொல்லப்போவதும் விளங்காது. போத்தலுக்குள் இருக்கும் வாசம் வேறு, தோலில் ஏறிய பிறகு வரும் வாசம் வேறு. தடவியவுடன் முகத்தில் அடிக்கிற மாதிரி ஒன்று வரும், அது போய்விடும். பிறகு பூ விரியும். ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் அடியில் இருக்கும் சந்தனமோ வெட்டிவேரோ அந்த ஆளின் சூட்டோடும் வியர்வையோடும் சேர்ந்து வெளியே வரும். அந்தக் கடைசி வாசம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே போத்தலை அக்காவும் தங்கையும் பூசினாலும் மாறும். அதனால்தான் வருகிறவர்களுக்கு மணிக்கட்டில் தடவிவிட்டு, ஒரு தேத்தண்ணி கொடுத்து இருத்தி வைத்து, பிறகு மணந்து பார்ப்பேன்.

ஜெனிற்றா அப்படி வந்தவள்தான். கொட்டாஞ்சேனைப் பிள்ளை, கொள்ளுப்பிட்டியில் ஒரு அலுவலகத்தில் வேலை, முப்பத்தைந்து இருக்கும், கலியாணம் ஆகவில்லை. அவளுக்கென்று மல்லிகையும் சந்தனமும் கொஞ்சம் வெட்டிவேரும் சேர்த்து ஒன்று செய்தேன். மற்ற யாருக்கும் அதைக் கொடுத்ததில்லை. அவள் தோலில் அது என்னவாக மாறியது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஈரப் பருத்தித் துணியில் சூடான இஸ்திரிப்பெட்டியை வைக்கும்போது ஒரு வாசம் எழும்புமே, அது. அதற்குள்ளே ஏலக்காய் போட்டுக் காய்ச்சிய பாலின் இனிப்பு. நான் கலந்த எதிலும் அது இல்லை. "அக்கா, இது நானேதான்" என்று சொல்லி மணிக்கட்டை மூக்கோடு வைத்துக்கொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு முடிய முடிய வந்து வாங்கினாள். கடைசியாக வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. கண் சிவந்து, களைத்துப்போய் வந்தாள். பஸ்ஸில் நித்திரையாகி வெள்ளவத்தையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்ததாகச் சொன்னாள். போத்தலை வாங்கிக்கொண்டு, தேத்தண்ணி கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஆளைக் காணவில்லை. நானும் பெரிதாக நினைக்கவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் என் கணவர் வேலைக்குப் போட்டுப்போன சேட்டை வோஷிங் மெஷினில் போட எடுக்கும்போது கை அப்படியே நின்றுவிட்டது. இடது தோள்பட்டையில் அந்த வாசம். மல்லிகை கூட இல்லை, மல்லிகை போய்க் கடைசியில் நிற்கும் அந்த இஸ்திரி வாசம், பால் வாசம். அவளுடைய வாசம்.

என் கணவரும் கொள்ளுப்பிட்டியில்தான் வேலை செய்கிறார், கணக்காளர், அதிகம் பேசாத மனிதர். கொஞ்ச நாளாக வீட்டுக்குப் பிந்தி வருகிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்டால் ட்ராபிக் என்பார். அடுத்த நாள் சேட்டையும் எடுத்து மணந்தேன். அதே இடம், அதே வாசம். ஒரு பெண் தலையைச் சாய்த்தால் எங்கே படுமோ அங்கே.

நான் சத்தம் போடவில்லை. படிப்பித்தவள் இல்லையா, முதலில் பரிசோதித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுக் கலவை ஒன்று பாருங்கோ என்று பொய் சொல்லி, அதே எண்ணெயை அவர் மணிக்கட்டில் தடவினேன். ஒரு மணித்தியாலம் கழித்து மணந்தேன். தோடம்பழத் தோல் மாதிரிக் கசந்து நின்றது. என் கையில் தடவிப் பார்த்தேன், வெறும் சந்தனம். அப்படியென்றால் அந்தத் தோளில் இருப்பது என் வீட்டு மேசையிலிருந்து ஒட்டியது இல்லை. அவளின் தோலில் ஊறிய பிறகுதான் அங்கே வந்திருக்க வேண்டும்.

"ஏன் இப்பிடிப் பாக்கிறீர்?" என்று அவர் கேட்டார்.

"ஒண்டுமில்லை. கசக்குது" என்றேன்.

ஜெனிற்றாவின் போனுக்கு எடுத்தேன், நிறுத்தி வைத்திருந்தது. வாட்ஸ்அப்பில் அவள் படம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. ஒளிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். முகத்துக்கு நேரே கேட்பது என்று முடிவெடுத்து, ஒரு காலை ஓட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். என்ன கேட்க வேண்டும் என்று வழி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவள் ஒரு முறை சொன்ன ஒழுங்கையை விசாரித்துக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினால், திறந்தது அவள் அம்மா. அவவின் தோளுக்கு மேலால் உள்ளே பார்த்தேன். சுவரில் ஜெனிற்றாவின் படம், அதற்கு மாலை, கீழே சின்னச் சிவப்பு பல்ப்.

"டெங்கு, மகள்" என்றார் அம்மா. "காய்ச்சலோட ஒரு நாள் இருட்டின பிறகு வீட்டுக்கு வந்தா. வந்து படுத்தவதான். போன மாசம் முப்பத்தொண்டும் குடுத்திட்டோம்."

நான் சேட்டில் முதல் முதல் மணந்தது அந்த முப்பத்தோராம் நாள் நினைவுக்கும் பிறகு. கணக்குப் போட்டுப் பார்க்கத் தேவையில்லை, அவ்வளவு தெளிவாக அதற்குப் பிறகு.

இப்போது நான் செய்ததைக் கேட்டால் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ தெரியாது. அந்த நேரத்திலும் என் சந்தேகம் போகவில்லை. அவள் இல்லையென்றால் அவளின் எண்ணெயை வேறு யாரோ பூசுகிறார்கள், அக்கா தங்கைக்கே மாறும் என்று தெரிந்தும், ஒரே இரத்தமாக இருந்தால் அதே மாதிரி மணக்கலாம் என்று புத்தி ஓடியது. வேறு பெண்பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டேன். இவ ஒருத்திதான் என்றார். கடைசியாக வாங்கிய போத்தல் எங்கே என்றேன்.

"திறக்கவே இல்லையே. சவப்பெட்டிக்குள்ள அவ கையில வச்சிட்டோம். பழசு எல்லாம் முடிஞ்சிது."

என் கைப்பையில் மிச்சம் கொஞ்சம் இருந்தது. பூசிப் பாருங்கோ அம்மா என்று அவர் மணிக்கட்டில் தடவினேன். அன்பாகச் செய்கிறேன் என்று நினைத்து அவர் கையை நீட்டினார். தேத்தண்ணி தந்தார், மகளைப் பற்றிக் கதைத்தார், நான் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவரே மணிக்கட்டை மணந்து பார்த்தார், முகம் சுருங்கிவிட்டது.

"என்ட பிள்ளை மாதிரி மணக்கல்லையே மகள்" என்று அழுதார்.

மணக்கவில்லைதான். நானும் மணந்தேன். புகை பிடித்த மண் மாதிரி இருந்தது.

அன்று வீட்டுக்குப் போக எனக்குப் பிடிக்கவில்லை. கொள்ளுப்பிட்டியில் இறங்கி, அவர் வேலை விடும் வரைக்கும் பஸ் தரிப்புக்கு எதிரே ஒரு கடைக்குள் நின்றேன். அவர் வந்தார், தனியாக. பஸ் வந்தது. அவர் முன்கதவால் ஏற, நான் பின்கதவால் ஏறினேன். வேலை விட்டு வரும் சனம், மிதிபலகையிலும் ஆட்கள், கொண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். ஆட்களின் இடுக்கால் எட்டிப் பார்த்தேன். அவர் கடற்பக்கத்து யன்னலோரம் இருந்தார்.

பக்கத்து சீட் வெறுமையாக இருந்தது.

கொழும்பில் அந்த நேரத்தில் பஸ் ஏறியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு சீட் காலியானால் நாலு பேர் பாய்வார்கள். ஆனால் அந்தச் சீட்டுக்குப் பக்கத்தில் ஆட்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றார்கள், ஒருவரும் அதில் இருக்கவில்லை. இரண்டு கையிலும் பை தூக்கிய ஒரு தடித்த மனிதர் அதுவரைக்கும் வந்தார், குனிந்து பார்த்தார், பிறகு மன்னிப்புக் கேட்பது போலத் தலையை ஆட்டிவிட்டு அப்பால் போனார்.

பம்பலப்பிட்டி தாண்டியது. எனக்குப் பொறுக்கவில்லை. இடித்துக்கொண்டு முன்னுக்குப் போய் அந்தச் சீட்டில் இருக்கப் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், முழங்காலை மடக்கிவிட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு வயதான சிங்கள அம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

"எதன கெனெக் இன்னவனே, துவ."

அங்கே ஆள் இருக்கிறதே மகள், என்கிறார். நான் சீட்டைப் பார்த்தேன், அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பவ், நிதாகென இன்னே" என்றார். பாவம், நித்திரை கொள்கிறாள்.

அந்த வாசம் அப்போது எழுந்தது. பஸ்ஸின் டீசலுக்கும் வியர்வைக்கும் மேலால், சுடச்சுட, இப்போதுதான் தோலிலிருந்து வருகிற மாதிரி. சேட்டில் மிஞ்சியிருக்கும் பழைய வாசம் இல்லை அது. என்னால் இருக்கவும் முடியவில்லை, பின்னுக்குப் போகவும் முடியவில்லை. என் கணவர் என்னைக் காணவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு, கழுத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுக்கி, அசையாமல் இருந்தார். வெள்ளவத்தை வந்தது, எங்கள் தரிப்பு, அவர் எழும்பவில்லை. பஸ் தெஹிவளைக்குப் போன பிறகுதான் இடது தோளை மெல்ல, மிக மெல்ல விடுவித்துக்கொண்டு எழுந்தார். நானும் இறங்கினேன்.

என்னைக் கண்டு திடுக்கிட்டார்.

"நீர் எங்க இஞ்ச?"

"நீங்கள் எங்க இஞ்ச? எங்கட பஸ் ஹோல்ட் போய் எவ்வளவு நேரம்?"

நான் போனை எடுத்து ஜெனிற்றாவின் படத்தைக் காட்டினேன். "இவவைத் தெரியுமோ?"

பார்த்தார். "ஓம். ஒரு நாள் பஸ்ஸில பக்கத்தில இருந்தவ. சரியான காய்ச்சல் போல, சேட்டுக்கு மேலால சுட்டுது. என்ர தோளில சாஞ்சு நித்திரையாப் போட்டா. எழுப்ப மனம் வரேல்லை. தெஹிவளை வரைக்கும் வந்தனான். முழிச்சு, சொறி அய்யா எண்டிட்டு இறங்கிப் போட்டா. அவ்வளவுதான் சுபா. பேர் கூடத் தெரியாது."

"ஏன் என்னட்டச் சொல்லேல்லை?"

"இதில என்ன சொல்லக் கிடக்கு?"

"அப்ப இப்ப ஒவ்வொரு நாளும் ஏன் தெஹிவளை வரைக்கும் வாறீங்கள்?"

அவர் இடது தோளைக் கையால் தடவிப் பார்த்தார். "தெரியாது. பக்கத்தில ஒருத்தரும் இருக்கிறேல்லை. ஆனா தோள் கனக்குது. டக்கெண்டு எழும்பினா முழிச்சிடுவா போல கிடக்கு."

அவள் செத்துப்போன கதையை அதற்குப் பிறகுதான் சொன்னேன். இன்றைக்கும் என் மனதை அரிப்பது பஸ்ஸில் கண்டதைவிட இதுதான்: அவர் திடுக்கிடவில்லை. "ஓ" என்றார். தெரிந்த ஒருவரைப் பற்றிக் கேட்பது போல, "கடைசியில கஷ்டப்பட்டவவோ?" என்று கேட்டார்.

ஒரு நாள் தோளில் சாய்ந்தவளா, அதற்கு முன்னும் சாய்ந்தவளா? அவர் சொன்னதை நம்புகிறேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

அவளின் அம்மாவிடம் சொல்லி, அவளின் ஆத்துமா இளைப்பாற சேர்ச்சில் ஒரு பூசை ஒப்புக்கொடுக்கச் செய்தேன், ஏன் என்று அவரிடம் சொல்லவில்லை. அந்தக் கிழமையோடு வாசம் நின்றது. அவரும் நேரத்துக்கு வரத் தொடங்கினார். முதல் நாள் வந்தவர் சேட்டைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, போகாமல் நின்றார்.

"இண்டைக்கு மணக்கேல்லையோ?"

இல்லை என்றேன். தலையை ஆட்டினார். அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தக் கலவையை நான் பிறகு செய்யவில்லை. இதை இரசாயனத்தால் விளக்க முடியுமா என்று யோசித்துக் களைத்துவிட்டேன். சேட் சேட்டாகத் தொற்றும் எண்ணெய் எதுவும் எனக்குத் தெரியாது. சரி, முடிந்தது என்றுதான் விட்டிருந்தேன்.

போன மாதம் என் தங்கை மகளின் கலியாணத்துக்கு அவருக்குக் கோட் தைக்கக் வெள்ளவத்தைக் காலி வீதியில் ஒரு தையல்காரரிடம் போனோம். தையல்காரர் அளவு நாடாவை முதுகில் வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். பிறகு பின்னால் தள்ளி நின்று பார்த்தார்.

"அய்யா, நேரா நில்லுங்க."

"நேராத்தான் நிக்கிறன்."

"இல்லைங்க, இடது தோள் நல்லா எறங்கியிருக்கு. அந்தப் பக்கம் பாரம் ஏதும் தூக்குறீங்களா?"

நான் கண்ணாடிக்குள் பார்த்தேன். உண்மைதான், இறங்கித்தான் இருந்தது. அவர் கண்ணாடியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கழுத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுக்கிக்கொண்டு, தையல்காரரிடம் மெதுவான குரலில் சொன்னார்:

"அது அப்பிடியே இருக்கட்டும். அதுக்கேத்த மாதிரித் தையுங்கோ."