கை தூக்காத வெள்ளிக்கிழமை

புதூர்நாட்டு மலைப்பாதையில் பதினாறு வருடம் ஜீப் ஓட்டிய சடையனைப் பற்றி ஊரில் ஆயிரம் குறை சொல்வார்கள். வேகம் அதிகம், வாய் அதைவிட அதிகம், ஒன்பது பேர் உட்காரும் வண்டியில் இருபத்திரண்டு பேரைத் திணிப்பான், ஓடும்போதே பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டுப் பின்னால் இருப்பவர்களோடு வம்பளப்பான். எல்லாம் உண்மைதான். ஆனால் கை தூக்கி நின்றவரை விட்டுவிட்டுப் போனான் என்று மட்டும் ஒருத்தர் சொல்ல முடியாது.

பஸ் எப்போது வரும் என்பது பஸ்ஸுக்கே தெரியாத மலையில் இது லேசுப்பட்ட பெயர் இல்லை. கல்பனாவின் அப்பா அவனுக்குப் பெண் கொடுத்ததே அதற்காகத்தான். ஒரு மழை நாளில் அவரையும் அவருடைய இரண்டு ஆடுகளையும் சேர்த்து ஏற்றிக்கொண்ட ஒரே வண்டி சடையன் ஓட்டிய ஜீப்தான். ஆடுகள் முன் சீட்டில் வந்தன என்று கல்பனா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

போன பங்குனி மாதம் ஜீப்பின் சொந்தக்காரர் வண்டியை விற்றுவிட்டார். முப்பத்தொன்பது வயதில் சடையன் கையைப் பிசைந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்தான். பத்து நாள் பொறுத்துப் பார்த்த கல்பனா, பதினோராம் நாள் செல்போனை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். மலையடிவாரத்தில் ஒரு லாரிக் கம்பெனி டிரைவர் எடுக்கிறது. மூன்று வாரம் பயிற்சி, தேறினால் மாதச் சம்பளம், வாரம் இரண்டு முறை மலைக்கே லோடு. ஹெவி லைசென்ஸை அவன் முன்பே எடுத்து வைத்திருந்தான். மலையை ஒரேயடியாக விட்டுவிடாமல் பிழைக்க இதைவிட்டால் வேறு வழி தெரியவில்லை. சேர்ந்துவிட்டான்.

முதல் நாளே நீலச் சட்டையும் கறுப்பு ஷூவும் கொடுத்தார்கள். செருப்பையே பெரிய மனது பண்ணிப் போடுகிறவன் சடையன். அந்த ஷூவில் கால் இருக்கிறதா இல்லையா என்று அடிக்கடி குனிந்து பார்த்துக்கொண்டான். ஒன்பது பேரைப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார வைத்து, சுவரில் படம் காட்டினார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவர் குணசீலன். கணியம்பாடிக்காரர், இருபத்தைந்து வருடம் லாரி ஓட்டியவர். கையில் ஒரு அட்டை, அதில் செருகிய தாள், காதில் பேனா. சிரிப்பதற்கும் கம்பெனியில் அனுமதி வாங்க வேண்டும் என்று நினைக்கிறவர் மாதிரி ஒரு முகம்.

"நல்லா கேட்டுக்குங்க. கம்பெனி வண்டியில வெளி ஆளு ஒருத்தர்கூட ஏறக் கூடாது. காரணம் இல்லாம வண்டி நிக்கக் கூடாது. நின்னா ஒரு சிவப்புப் புள்ளி. மூணு புள்ளி வாங்குனா வூட்டுக்குப் போய்னே இருக்கலாம்."

சடையன் தலையை ஆட்டினான். இதெல்லாம் ஒரு கஷ்டமா என்றுதான் அப்போது தோன்றியது. வேலையிலும் குறை வைக்கவில்லை. டயரைத் தட்டிப் பார்த்தே காற்றுக் குறைவைச் சொன்னான். லோடு லாரியைப் பின்னால் எடுத்து இரண்டு டிரம்முக்கு நடுவே நிறுத்தினான். ஏர் பிரேக்கில் காற்று ஏறும்வரை மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக உட்கார மட்டும் அவனுக்குச் சிரமமாக இருந்தது. ஜீப்பில் சாவியைத் திருகினால் கிளம்பிவிடும்.

இரண்டாவது வாரம் ரோட்டுக்கு வந்தார்கள். திருப்பத்தூர்ச் சாலையில் ஒரு மரத்தடியில் ஒருவர் கையைத் தூக்கினார். சடையனின் கால் அவனை ஒரு வார்த்தை கேட்காமலே பிரேக்குக்குப் போய்விட்டது. தலையை வெளியே நீட்டி, "எங்கண்ணா போவணும்?" என்றான். அந்த ஆள் கையிலிருந்த வேப்பங்குச்சியைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். பல் விளக்கக் குச்சி ஒடித்ததற்கு ஒரு லாரி வந்து நிற்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். குணசீலன் காதிலிருந்து பேனாவை எடுத்தார்.

இரண்டாவது புள்ளி வாங்கிய கதை இன்னும் மோசம். சாயங்கால வெயில் கண்ணில் அடித்தது. ஒரு கூட்ரோட்டு முச்சந்தியில் வெள்ளை வேட்டி சட்டையில் பெரியவர் ஒருவர் கையை உயர்த்தி நின்றார். சடையன் மரியாதையாக ஓரம் கட்டினான். குணசீலன் இறங்கிப் போய், பீடத்தின் மேல் நின்ற அந்தக் கட்சித் தலைவரின் சிலையைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு ஜன்னலருகே வந்து கேட்டார்.

"இவரு எங்க போவணுமாம்?"

பின்னால் உட்கார்ந்திருந்த, கூடப் பயிற்சிக்கு வந்த இரண்டு பேர் சிரித்த சிரிப்பில் ஒருவனுக்குப் புரையேறிவிட்டது. சடையனும் சிரித்தான். ஆனால் இரவு படுத்தபோது சிரிப்பு வரவில்லை. இன்னும் ஒரு புள்ளி விழுந்தால் வேலை இல்லை. கடைசித் தேர்வு எந்த வழியில் என்பதைக் கேட்டதும் தூக்கமும் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை, பத்து டன் சிமெண்ட், அடிவாரத்திலிருந்து புதூர்நாடு வரை. அவனுடைய சொந்தப் பாதை. அந்தப் பாதையில் அவன் முகத்தைக் கண்டால் கை தூக்காத ஜீவன் ஆடுமாடுதான்.

கல்பனாவுக்குப் போன் போட்டான்.

"நின்னா வேலை போய்டும். நிக்காம போனா மானம் போய்டும். நான் இன்னா பண்ணட்டும் சொல்லு?"

"நீ வண்டிய ஓட்டு மாமா. மீதிய நான் பாத்துக்கறேன்."

"நீ இன்னாத்த பாப்ப?"

"அது உனுக்கு எதுக்கு? தூங்கு."

வெள்ளிக்கிழமை லாரி மலையேறத் தொடங்கியது. பக்கத்தில் குணசீலன், மடியில் அட்டை. முதல் வளைவில் விறகுக் கட்டோடு நான்கு பெண்கள் நின்றார்கள். லாரி நெருங்கியதும் நான்கு பேரும் ஒன்றாகக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பிரேயருக்கு நிற்பதுபோல் விறைப்பாக நின்றார்கள். அதில் ஒருத்தி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் வளைவில் ஏழெட்டுப் பேர். அவர்களும் அப்படியே. கைக்குழந்தை வைத்திருந்தவன் குழந்தையின் கையையும் சேர்த்துப் பிடித்திருந்தான். ஐந்தாம் வளைவில் கல்யாணத்துக்குப் போகிற கூட்டம் ஒன்று, பட்டுப்புடவையும் பையுமாக, மொத்தமும் கையைப் பின்னால் கட்டி நின்றது. கல்பனாவின் வேலை என்பது சடையனுக்கு அப்போதே விளங்கிவிட்டது. சந்தையில் ஒவ்வொரு கடையாகச் சொல்லி, போதாததற்கு வாட்ஸாப்பிலும் பேசி அனுப்பியிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. "வெள்ளிக்கெழம எங்க வூட்டுக்காரரு கம்பெனி லாரி ஓட்டினு மேல வர்றாரு. யாரும் கைய தூக்காதீங்க, புண்ணியமா போவும்."

குணசீலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னாப்பா, உங்க மலையில எல்லாரும் இப்படித்தான் நிப்பாங்களா?"

"தெர்ல சார். குளிரா இருக்கும்."

சித்திரை மாதத்தில் சொல்கிற பதிலா அது? அவர் வெளியே பார்த்தார்.

தப்பித்தோம் என்று சடையன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஏனோ முடியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் தெரிந்த முகங்கள் பக்கக் கண்ணாடியில் சின்னதாகிக்கொண்டே போயின. அன்றைக்குக் காலை பஸ்ஸும் வரவில்லை போலிருக்கிறது. அத்தனை பேரும் வெயிலில் நின்றுகொண்டு, தங்களுக்கு வண்டியே வேண்டாம் என்பதுபோல் அவனுக்காக நடித்தார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

ஒன்பதாம் வளைவில் மாணிக்கம்மாள் தனியாக நின்றாள். ஐம்பது வயது, மலையிலேயே கூர்மையான நாக்கு. பதினாறு வருடமாக ஜீப்பின் முன் சீட்டு அவளுடையது. ஒரு தவிட்டு மூட்டையை இவ்வளவு தூரம் தலையில் சுமந்து வந்து, ஓரத்துக் கல்லின் மேல் இறக்கி வைத்திருந்தாள். ஜாக்கெட் வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. லாரியைக் கண்டதும் அவளும் கைகளைப் பின்னால் கட்டினாள். பிறகு, அவன் கண்ணில் தன் கண் பட்டுவிடக் கூடாதென்று, முகத்தையும் பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சடையனால் அதைப் பார்க்க முடியவில்லை. பிரேக்கை மிதித்தான். பத்து டன் சிமெண்டோடு லாரி செங்குத்தான ஏற்றத்தில் உஸ்ஸென்று நின்றது.

"யாரும் கை தூக்கலியேப்பா, ஏன் நிறுத்துன?" என்றார் குணசீலன்.

"தூக்கல சார். அதான் நிறுத்துனேன்."

அதற்குள் மாணிக்கம்மாள் திரும்பிவிட்டாள். கட்டியிருந்த கை இடுப்புக்கு வந்தது.

"டேய் அறிவுகெட்டவனே! எதுக்குடா நிறுத்துன? ரெண்டு நாளா உம் பொண்டாட்டி ஊரெல்லாம் தொண்டை கிழிய சொல்லினு கீறா. நாங்க ஒவ்வொருத்தரும் கையக் கட்டினு சிலை மாதிரி நிக்கறோம். நீ பாட்டுக்கு வந்து நிறுத்துற?"

"அக்கா, மூட்டைய மட்டுமாவது..."

"மூட்டையும் ஏறாது, நானும் ஏற மாட்டேன். போடா! சார், இவன் நிறுத்தவே இல்ல சார். வண்டிதான் தானா நின்னுச்சு."

குணசீலன் அவளைப் பார்த்தார், பின்னால் பள்ளத்தைப் பார்த்தார். "எடு வண்டிய" என்றார். சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க ஆள் இல்லை. சடையன் ஷூவுக்குள் விரல்களை மடக்கி, கிளட்சை நூல் நூலாக விட்டான். லாரி ஒரு அங்குலம்கூடப் பின்னால் சரியாமல் மேலே நகர்ந்தது. காதிலிருந்து பேனா இறங்கியது. குணசீலன் எதையோ எழுதினார், எழுதியதை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார். வேலை போய்விட்டது என்று சடையன் முடிவே கட்டிவிட்டான்.

மேலே பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் பக்கத்தில் சிமெண்ட் மூட்டைகளை இறக்கத் தொடங்கினார்கள். கல்பனா ஓடிவந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் கேள்வியை விழுங்கிக்கொண்டாள்.

"சார், சாப்பாட்டு நேரம் எவ்வளவு?" என்றான் சடையன்.

"ஒரு மணி நேரம். எங்க வேணா போ, உன் இஷ்டம்."

டீக்கடை ரமேஷிடம் பைக்கை வாங்கிக்கொண்டு மலையிறங்கினான். மாணிக்கம்மாள் பன்னிரண்டாம் வளைவுக்கு வந்திருந்தாள். தலையில் மூட்டை, வாயில் மூச்சு.

"பாஸா?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

"அப்ப நான் ஏற மாட்டேன்."

"அக்கா, இது ரமேஷ் பைக்கு. கம்பெனி வண்டியில்ல. இது சாப்பாட்டு நேரம். இதுக்குமா புள்ளி போடுவாங்க?"

அவள் நன்றாக யோசித்தாள். மூட்டையை டேங்கின் மேல் வைத்தாள். ஏறி உட்கார்ந்ததிலிருந்து வழி முழுக்க அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள். அந்தத் திட்டு காதில் விழ விழ, காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த பாரம் சடையனுக்கு இறங்கிவிட்டது. வேலை போனாலும் பரவாயில்லை என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தான்.

டீக்கடை பெஞ்சில் குணசீலன் உட்கார்ந்திருந்தார். வந்து நின்ற பைக்கையும், மூட்டையையும், மாணிக்கம்மாளையும் வரிசையாகப் பார்த்துவிட்டு அட்டையைத் திருப்பிக் காட்டினார்.

"ஏத்தத்துல லோடோட நிறுத்தி எடுக்கணும். அதான் இன்னிக்கு முக்கியமான டெஸ்டு. போன தடவ வந்த ஆறு பேர்ல நாலு பேரு வண்டியப் பின்னால உருட்டிட்டாங்க. உன்ன பதினோராவது வளைவுல நிறுத்தச் சொல்லலாம்னு இருந்தேன். நீ ஒம்பதுலயே நிறுத்திட்ட. ரெண்டு வளைவு அவசரப்பட்டதுக்கு ரெண்டு மார்க்கு கொறச்சிருக்கேன். பாஸ்."

பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்ற கல்பனா, துள்ளிக் குதித்ததில் ரமேஷின் டீ டம்ளரைத் தட்டிவிட்டாள். மாணிக்கம்மாள், "தானா நின்னுச்சுன்னு நான் சொன்னதாலதான்" என்று அக்கம்பக்கம் பார்த்துச் சொன்னாள். சடையனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினான்.

குணசீலன் விடவில்லை. "பொறு. அடுத்த வாரத்துலேர்ந்து வாரம் ரெண்டு தடவ இந்த ரோட்லதான் வரப் போற. இவங்க எல்லாரும் ஆயுசு முழுக்க கையக் கட்டினு நிப்பாங்களா?"

சடையன் எழுந்து நின்றான். "வேணாம் சார். அவங்க கைய தூக்கட்டும். நான் நிறுத்துவேன். இது கம்பெனி வண்டி, ஏத்த முடியாது, பின்னால ஜீப்பு வருதுன்னு மூஞ்சப் பாத்துச் சொல்லிட்டுப் போவேன். அதுக்கும் புள்ளி போடுவீங்கன்னா இப்பவே போட்டுடுங்க."

"ஆபீஸ்ல நான் பேசிக்கறேன். ஆனா ஒவ்வொரு வளைவுலயும் நிறுத்தி எடுத்தா கிளட்ச் பிளேட்டு இன்னாத்துக்கு ஆவும்? உன் மாமனாரு வூட்டுலயா செஞ்சு தருவாங்க?"

"சமமான எடமா பாத்து நிறுத்துறேன் சார்."

செவ்வாய், வெள்ளிகளில் இப்போதும் அந்த லாரி புதூர்நாட்டுக்கு ஏறுகிறது. கை தூக்கியவர்களுக்கு எதிரே நிற்கிறது, ஜன்னலில் ஒரு தலை நீளுகிறது, இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறது. நிற்பவர்களும் "சரி, போய்னு வா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஜீப்புக்குக் காத்திருக்கிறார்கள். கம்பெனி லாரியில் இதுவரை ஒருத்தரும் ஏறியதில்லை. சடையன் நிற்காமல் போனான் என்றும் ஒருத்தரும் சொன்னதில்லை.