வியாழக்கிழமை வளையம்

"கதவைச் சாத்துங்கப்பா! குளிருக்குச் சொல்லல, இரைச்சலுக்குச் சொல்றேன்!"

பின்லாந்தின் எஸ்போ ஆய்வகத்தில் டெல்லெர்வோ பதினோரு வருடமாகப் பாடிய பாட்டு இது. அளவெடுக்கும் ரைமோ மூக்கைப் பிடித்துக்கொண்டு அதை அப்படியே பாடிக்காட்டுவான். "சாத்துங்கப்பா-ஆ-ஆ!" அவளே சிரித்துவிடுவாள்.

குவோப்பியோ ஊரில் கடிகாரம் பழுதுபார்த்தவள். இங்கே வந்து, இரண்டு நையோபியம் உலோகப் படலங்களுக்கு நடுவே மயிரிழையைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய தடுப்பு வைத்துச் சந்திகள் என்ற நுண் மின்னுறுப்புகளைச் செய்தாள். வெளி அலைகள் நுழையாதபடி கதவு உட்படச் செம்புத்தகடு அடித்த அறையில், ஹீலியக் குளிரில் அவற்றைச் சோதிப்பார்கள். மின்னோட்டத்தை ஏற்றினால் ஓரிடத்தில் மின்னழுத்தம் திடீரென எகிறும். குறைக்கும்போது அதே இடத்தில் விழாது, வெகுவாக இறங்கிய பிறகுதான் விழும். பேனாக் கருவி காகிதத்தில் அகலமான வளையம் போடும். வெளியே இருக்கும் வானொலி அலையோ டியூப்லைட்டோ உள்ளே கசிந்தால், சந்தி பதறிப்போய் முன்னாலேயே எகிறிவிடும். வளையம் மெலிந்துவிடும். இந்தக் கசிவைத்தான் அவள் இரைச்சல் என்பாள்.

அந்த மார்ச்சில் மெலிந்தது.

"உங்க சந்தி சரியில்ல டெல்லெர்வோ. அடுத்த மாசத்துலேர்ந்து வெளிநாட்டுலயே வாங்கிக்கலாம்" என்றார் பேராசிரியர் ஆஹ்தோலா. அவளுக்குக் கிடங்கு வேலையாம்.

அவள் பழைய காகிதங்களை எல்லாம் பரப்பினாள். மெலிந்தவை அத்தனையும் வியாழக்கிழமை. மதியம் பட்டாணி சூப், நாலு மணிக்குக் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் சானா என்னும் நீராவிக் குளியல், அதற்குப் பிறகு ரைமோவின் அளவெடுப்பு.

"புதன்கிழமை நல்லாயிருந்த சந்திக்கு வியாழக்கிழமை மட்டும் காய்ச்சலா?"

"அதுவும் சானா போயிட்டு வந்திருக்கும்" என்றான் ரைமோ.

அடுத்த வியாழன் அவள் சானாவையே விட்டுவிட்டு, புதன்கிழமை சோதித்த அதே சந்தியோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கதவு சாத்தித்தான் இருந்தது. ஆனாலும் வளையம் நோஞ்சான். வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். கதவுக்கு மேலே வெந்நீர்க்குழாய். துணி சீக்கிரம் காயும். கதவின் மேல்விளிம்பில் ஒரு ஈரத் துவாலை, செம்புக்கும் செம்புக்கும் நடுவே நசுங்கிக் கிடந்தது.

உருவினாள். கதவை இறுக்கிச் சாத்தினாள். பேனா கொழுகொழுவென்று ஒரு வளையம் போட்டது.

"அக்கா! புதன்கிழமை வளையம்!" ரைமோ எழுந்து நின்றுவிட்டான்.

அதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். தலையில் நீர் சொட்ட ஆஹ்தோலா.

"என் துவாலையை யாராவது பாத்தீங்களா? சானா முதல் சுற்று முடிஞ்சதும் எப்பவும்போல இந்தக் கதவு மேலதான் காயப்போட்டேன்."

ரைமோ இரண்டு காகிதங்களையும் நீட்டினான். அவர் வளையங்களைப் பார்த்தார், அவள் கையிலிருந்த துவாலையைப் பார்த்தார், காது சிவந்தார்.

"சரி சரி... வெளிநாட்டுல வாங்க வேணாம். நீங்களே செய்யுங்க. இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே டெல்லெர்வோ?"

"பதினோரு வருஷமா வேற என்னத்தச் சொல்லிட்டிருந்தேன், புரொஃபசர்? இந்தாங்க துவாலை. காதையும் நல்லாத் துடைச்சுக்கோங்க!"