ஐந்தாவது கட்டுரை

மலேசியாவில், கிள்ளானில் உள்ள பள்ளியொன்றில் இரண்டாம் படிவத்துக்கு, அதாவது எட்டாம் வகுப்புக்கு, ஆங்கிலம் கற்பிக்கிறேன். ‘மறக்க முடியாத நாள்’ என்று கட்டுரை கொடுத்தால், பலரும் டியூஷனில் மனப்பாடம் செய்த ஒரே கதையை எழுதுவார்கள். அதில் அப்பா விபத்தில் இறந்துவிடுவார். மறுநாள் அதே அப்பா மோட்டாரில் வந்து பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடுவார்.

சென்ற பள்ளித் தவணையில் அப்படி ஐந்து வந்தன. எரிச்சலில் ஐந்திலும் ‘மனப்பாடம்’ என்று சிவப்பு மையில் எழுதினேன்.

ரிப்போர்ட் கார்டு நாளன்று, செமினியிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த பவித்ராவின் அம்மா நோட்டை நீட்டினார்.

“டியூஷன்ல படிச்சதுதான் டீச்சர். ஆனா இவ அப்பா நெஜமாவே அப்படித்தான் போனாரு.”

மன்னிப்புக் கேட்டேன். தலையசைத்தார்.

இப்போது அந்தக் கதை வந்தால், பேனாவை மூடிவிட்டுப் பிள்ளையைத் தனியே கூப்பிடுகிறேன்.

“அப்பா வீட்டுல இருக்காரா?”