பத்து எட்டுத் தூரம்

வேலிக் கதவுக்கு முப்பதடி முன்னாலேயே கெய்லீன் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவாள். ஹெல்மெட்டைக் கழற்றி ஹாண்டில்பாரில் மாட்டுவாள். ஒட்ட வெட்டிய நரைமுடியைக் காதுக்குப் பின்னால் தள்ளி, மலைப் பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பாள். அவளுக்குப் பின்னால் வருகிற பயணிகள் யாராக இருந்தாலும் அங்கேயே நிற்க வேண்டும். "நில்லு கண்ணு. மூச்சுகூட விடாத. கேட்டுக்கிட்டிருக்கேன்ல?"

மெல்பர்னிலிருந்து வருகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். ரயில் ஓடாமல் போன பழைய தண்டவாளப் பாதை, இப்போது சைக்கிள் பாதை. மலையடிவாரத்தை ஒட்டி இருபத்தெட்டு கிலோமீட்டர், ஒரு மோட்டார் வண்டி கிடையாது. இந்த நிசப்தத்துக்காகத்தான் அவர்கள் வருகிறார்கள். வேலிக் கதவு இருக்கும் இந்த ஓர் இடத்தில் மட்டும் மலையிலிருந்து இறங்கும் தார்ச்சாலை பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. பத்து எட்டு வைத்தால் தாண்டிவிடலாம்.

யாராவது காதில் பாட்டு மாட்டிக்கொண்டு வந்தால் தொலைந்தார்கள். கெய்லீன் நேரே போய், காதிலிருந்து அதைப் பிடுங்கி அவர்கள் கையிலேயே வைப்பாள். "காதை அடைச்சுக்கிட்டு ரோட்டத் தாண்டப் போறியா? வீட்ல சொல்லிட்டு வந்தியா?"

பிறகு, "சுமையோட ஒண்ணு வருது. அஞ்சு நிமிஷம்" என்பாள். எங்கள் காதில் மேக்பைப் பறவையின் சத்தத்தைத் தவிர எதுவும் விழாது. ஐந்தாவது நிமிஷம் மர லாரி வளைவைத் திரும்பி, மரப்பட்டையும் தூசியுமாக எங்களைத் தாண்டிப் போகும். சிரித்தவர்கள் அதற்கப்புறம் சிரிப்பதில்லை. அவள் தலையசைத்த பிறகே சாலையைத் தாண்டுவார்கள். அவள் தாண்டமாட்டாள். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு, வந்த இருபது கிலோமீட்டரையும் திரும்ப மிதிப்பாள். பதினோரு வருஷமாக இதே கதைதான்.

இந்தப் பாதையில் வருகிறவர்களின் பைகளை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்கு வேனில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. இளங்கோ என்ற என் பெயர் இங்கே லாங்கோவாகிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. காலை பத்து மணிக்கு வேலிக் கதவுக்குப் பக்கத்தில் வேனை நிறுத்திப் பயணிகளுக்குத் தேநீர் ஊற்றுவேன். அதனால் கெய்லீனை வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

அறுபத்தொரு வயது. தோள் அகலம். முன்னங்கை என் கெண்டைக்கால் பருமன் இருக்கும். பத்தடி தள்ளிப் போகிற சைக்கிளின் சத்தத்தை வைத்தே, "உன் பின்சக்கரத்துல பேரிங் தேஞ்சிருக்கு" என்று சொல்லிவிடுவாள். பல்வலி வந்தால், சாலைக்கு அந்தப் பக்கம் இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் பல் டாக்டரை விட்டுவிட்டு, பஸ் பிடித்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி வேறு ஊருக்குப் போவாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிற கணக்கில் மதுக்கடையில் அவளைப் பற்றிப் பேசிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவள் பயம் விவரம் தெரியாதவளின் பயமல்ல. இருபத்திரண்டு வருஷம் அதே சாலையில் மர லாரி ஓட்டியவள் அவள். "மேல ஒக்காந்து பாத்தாத்தான் தெரியும், லாங்கோ. சைக்கிள்ல வர்றவங்க கண்ணுலயே பட மாட்டாங்க. பட்டாலும் அறுபது டன்னு. நிறுத்தணும்னு நெனச்ச எடத்துல அது நிக்காது."

பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஆகஸ்ட் மாதத்து மூடுபனிக் காலை ஒன்றில் அவள் மரம் இறக்கிவிட்டு லாரியைக் கழுவினாள். முன்பக்கத்து இரும்புக் கம்பிகளுக்கிடையில் உள்ளங்கையளவு மஞ்சள் துணி ஒன்று சிக்கியிருந்தது. குழந்தைகளின் சைக்கிளுக்குப் பின்னால் குச்சியில் கட்டுகிற முக்கோணக் கொடி. வழியில் எதன்மேலும் மோதிய உணர்வே அவளுக்கு இல்லை. நான்கு நாள் சாலையோரப் பள்ளங்களிலெல்லாம் இறங்கித் தேடினாள். போலீசில் கேட்டாள், ஆஸ்பத்திரியில் கேட்டாள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்றார்கள்.

"சரி, யாருக்கும் ஒண்ணும் ஆகல. அப்ப கொடி யாரோடது?"

அடுத்த வாரம் லாரிச் சாவியை முதலாளியின் மேஜைமேல் வைத்தவள்தான், பிறகு எந்த மோட்டார் வண்டியையும் ஓட்டவில்லை. அந்தக் கொடி அவள் சட்டைப் பையில் இருக்கிறது. குழந்தைகளோடு வருகிறவர்களிடம் மட்டும் எடுத்துக் காட்டி, "இது உங்களோடதா?" என்று கேட்பாள். இல்லை என்று சொன்னால் மடித்து உள்ளே வைத்துக்கொள்வாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் போதாது.

வியாழக்கிழமைகளில் சாலைக்கு அந்தப் பக்கத்து பெஞ்சில் பியெரினா வந்து உட்கார்ந்திருப்பாள். எழுபத்துநான்கு வயது இத்தாலியக் கிழவி. பாட்டரி சைக்கிள், கறுப்பு மேலங்கி, ஊருக்கே கேட்கிற குரல். கெய்லீன் கோழிமுட்டை கொண்டுவருவாள், பியெரினா வீட்டில் காய்ச்சிய தக்காளிச் சாறு. இருவரும் அரைமணி நேரம் சாலைக்குக் குறுக்கே கத்திக் கத்திப் பேசுவார்கள். கெய்லீன் காது கொடுத்துக் கேட்டுத் தலையசைத்ததும், பியெரினா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து பண்டமாற்று நடத்துவாள்.

"ஏண்டி, அறுபது டன் ஓட்டினவளுக்குப் பத்து எட்டு வைக்க முடியலையா?"

"ஓட்டினவளாலதாண்டி முடியல."

போன மாதம் ஒரு வியாழன். விடியும்வரை மழை பெய்து ஓய்ந்திருந்தது. லாரிகளிலிருந்து உதிர்ந்த மரப்பட்டை சாலை முழுக்க ஊறிக் கிடந்தது. கெய்லீன் காது கொடுத்துக் கேட்டாள். வழக்கத்தைவிடச் சீக்கிரமே தலையசைத்தாள். "ஒண்ணும் இல்ல. வா."

பாதிச் சாலையில் பியெரினாவின் கால் பட்டையில் வழுக்கியது. அவள் விழுந்தாள், கனமான அந்தச் சைக்கிள் அவள் கால்மேல் விழுந்தது. "ஐயோ, மாதாவே!" என்று அலறினாள். நான் தேநீர்க் கோப்பையைப் போட்டுவிட்டு ஓடினேன். அப்போதுதான் கெய்லீனின் முகத்தைப் பார்த்தேன். சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"சுமையோட வர்றான்" என்றாள்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. சைக்கிளைத் தூக்கப் பார்த்தேன். பியெரினாவின் மேலங்கி சங்கிலியில் மாட்டிக்கொண்டிருந்தது. உதவிக்குக் கூப்பிடலாமென்று திரும்பினால் கதவருகில் கெய்லீன் இல்லை. சாலையில் எங்களுக்கு முதுகைக் காட்டி ஓடிக்கொண்டிருந்தாள்.

"ஓடிட்டாளே பாவி!" என்று பியெரினா அழுதாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவள் ஓடியது வளைவை நோக்கி. பதினோரு வருஷமாகத் தாண்டாத சாலையைக் குறுக்கே தாண்டி, அந்தப் பக்கத்து ஓரத்தில் போய் நின்றாள். வளைவில் திரும்புகிற லாரிக்காரனின் கண் முதலில் எங்கே விழும் என்று அவளுக்குத் தெரியும். மஞ்சள் கொடியைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினாள். லாரி திரும்பியது, ஹாரன் அலறியது, பிரேக்குகள் கதறின, ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. நான் மேலங்கியைக் கிழித்து பியெரினாவை இழுத்தேன். இழுத்துக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது லாரி எங்களுக்கு நாற்பதடி தள்ளி நின்றிருந்தது.

ஓட்டுநர் குதித்து இறங்கினான். "சாகறதுக்கு என் வண்டிதான் கெடைச்சுதா உனக்கு?"

"எந்த கியர்ல எறங்கினே?" என்று கெய்லீன் கேட்டாள்.

"எட்டு."

"ஆறுல எறங்குடா. இந்த வளைவுக்கு ஆறு."

அவ்வளவுதான். அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். பியெரினாவை ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போன பிறகும் எழுந்திருக்கவில்லை. போனது எப்படியோ போய்விட்டாள், திரும்பி வர முடியவில்லை. கடைசியில் என் இடுப்பு பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி என் பின்னாலேயே வந்தாள். அந்தப் பிடி இன்னும் என் இடுப்பில் இருப்பதுபோல் இருக்கிறது.

அடுத்த வியாழக்கிழமை அவள் வரமாட்டாள் என்றே நினைத்தேன். வந்தாள். பின்னால் நான்கு பயணிகளை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எதிர்ப்புற பெஞ்சில், காலில் மாவுக்கட்டோடு பியெரினா. மகள் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தாள்.

"முட்டையக் கொண்டாடி. என்னால இன்னிக்கு வர முடியாது."

முட்டைப் பெட்டியை வாங்க நான் கை நீட்டினேன். "லாங்கோ, நீ அந்தப் பொட்டியத் தொட்டே, உன் காலுக்கும் கட்டுப் போட வச்சுருவேன்" என்று பியெரினா கத்தினாள். கையை இழுத்துக்கொண்டேன்.

கெய்லீன் கேட்டாள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். பயணிகளில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏதாவது வருதா?" என்றாள் பியெரினா.

"ஒண்ணும் இல்ல."

"அப்ப வாயேண்டி."

"அன்னிக்கும் ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னேன்."

அவள் அதைச் சொன்ன விதத்தில் எனக்கே சாலையைப் பார்க்கப் பயமாகிவிட்டது.

கெய்லீன் சைக்கிளை வேலியில் சாய்த்தாள். முட்டைப் பெட்டியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். ஓர் எட்டு வைத்தாள், நின்றாள். இன்னும் நான்கு எட்டு வைத்து நடு வெள்ளைக் கோட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அதற்குமேல் கால் நகரவில்லை. அவ்வளவு நிசப்தத்தில், பெட்டிக்குள் முட்டைகள் ஒன்றையொன்று தட்டுகிற சத்தம்கூடக் கேட்டது.

பிறகு சட்டைப் பையிலிருந்து அந்த மஞ்சள் கொடியை எடுத்தாள். வளைவைப் பார்த்துத் திரும்பி, எட்டுகிற மட்டும் அதை உயரத் தூக்கிப் பிடித்தாள். கண்ணை வளைவிலிருந்து எடுக்காமலே, முட்டைப் பெட்டி இருந்த கையை எங்கள் பக்கம் ஆட்டி, 'வாங்க, தாண்டுங்க' என்று கூப்பிட்டாள்.